உஷார்! முதல் கோடை மழையன்று மாலை விளக்கைப் போடாதீர்கள்

திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் கிழக்கு நடையில் பைங்குனி உற்சவத்துக்காகப் பஞ்ச பாண்டவர் உருவங்களை நிறுத்திவிட்டார்கள் என்றால், கிழக்கேகோட்டைக்காரர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஐவரையும் கண்டு இந்திரன் மனம் குளிர்ந்து மழை தருவான் என்பது இந்த ஊர் நம்பிக்கை. இந்திரன் தருகிறானோ இல்லையோ, பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதலிலும் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, இடி இடித்து, ஒரு மழை கொட்டித் தீர்ப்பது வழக்கம். வெயிலில் வெந்த ஊருக்கு அது வரம். ஆனால் நெடுமங்காடு, காட்டாக்கடை, வெள்ளறடை என்று ரப்பர் நிற்கிற பக்கங்களில் அந்த மழை தனியாக வருவதில்லை. வண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

எட்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம். கறுப்பு, கொஞ்சம் பழுப்பு கலந்த கறுப்பு. கடிக்காது, கொட்டாது. பெயர் முப்ளி வண்டு. திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டை வைத்து வந்த பெயர். பூச்சியியலில் இதற்கு லூப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ் என்று பெயர். ஒற்றையாகப் பார்த்தால் பரிதாபமான பூச்சி. ஆனால் இது ஒற்றையாக வராது. கோழிக்கோடு தேவகிரி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சாபு கே. தாமஸும் அவருடைய ஆய்வு மாணவர்களும் இதன் பின்னாலேயே அலைந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரே வீட்டில் 5 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு மேல் வரை. தெரு முழுக்க அல்ல, ஒரு வீட்டில்.

அதனால்தான் இந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். இந்தப் படையெடுப்புக்கு நாள் நட்சத்திரம் உண்டு. வண்டு நினைத்த நேரத்தில் பறப்பதில்லை. வெயிலும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து சொல்கிற நேரத்தில்தான் பறக்கிறது. அந்த நேரம் தெரிந்தவர் ஒரு சாயங்காலத்தைச் சமாளித்துக்கொண்டால் போதும். தெரியாதவர் எட்டு ஒன்பது மாதம் வண்டோடு குடும்பம் நடத்த வேண்டும்.

கதை ரப்பர் மரத்தடியில் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும். தோட்டம் முழுக்கக் கணுக்கால் புதையச் சருகு. அதுதான் முப்ளிக்குச் சோறு, வீடு, பிரசவ அறை எல்லாம். காய்ந்த இலையைத் தின்றாலும் அதற்கு நாக்கு ஊறுவது இளம் இலைக்கு. புதுத் தளிர் விடுகிற பிப்ரவரி, மார்ச்சில் சாம்பல் நோய் தாக்கினால் தளிர் பழுக்காமலே உதிரும். அந்தப் பிஞ்சு இலை கீழே விழுந்தால் வண்டுக்குக் கல்யாணச் சாப்பாடு. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாக் கட்டமும் அந்தச் சருகுக்குள்ளேயே முடிந்து, மார்ச்சுக்குள் புதுத் தலைமுறை தயாராகிவிடுகிறது. பகலில் சருகைக் கிளறினால் வெளிச்சத்துக்குப் பயந்து நாலா பக்கமும் ஓடும், இருட்டினால் மேயும். பறக்க வேண்டிய தேவையே இல்லை.

பிறகுதான் அந்த முதல் மழை. சருகு நனைகிறது. வரப்போவது இடவப்பாதி, ஜூன் முதல் வாரம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் அந்தச் சருகை ஊற வைத்து அழுக வைத்துவிடும். அதற்குள் மழை படாத, இருட்டான, உயரமான ஓர் இடம் வேண்டும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் அப்படிப்பட்ட இடம் எது? நம் வீட்டு மச்சு. ஏப்ரல் மழை நின்ற அந்தி நேரத்தில் தோட்டத்துத் தரையிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே வந்து மோதும். பகல் வெளிச்சத்துக்கு ஒளிகிற பூச்சி, இரவு விளக்கைக் கண்டால் ஓடி வருகிறது. பூச்சிகளிடம் நியாயம் கேட்க முடியாது.

இதில் விபரீதம் என்னவென்றால், அந்த நேரமேதான் நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம். வாசல் உம்மறத்தில் நிலவிளக்கு, வராந்தாவில் டியூப்லைட், மழை விட்ட குளிர்ச்சிக்காகத் திறந்து போட்ட ஜன்னல், மழையில் கரண்ட் போயிருந்தால் மெழுகுவர்த்தி. முதலில் நாலு வண்டு வந்து சுவரில் இடித்து விழும். பத்து நிமிஷத்தில் டியூப்லைட் இருக்கிற சுவர் கறுத்துவிடும். சாப்பாட்டுத் தட்டில், தண்ணீர்ச் செம்பில், குழந்தையின் தொட்டிலில், அரைத்து வைத்த தோசை மாவில் எங்கும் வண்டு. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் ஓட்டுக்கு மேலே தூறல் விழுகிற மாதிரி ஒரு சலசலப்பு. வெளியே மழை நின்று வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஓட்டு வீடுதான் இதற்கு இஷ்டம். கைமரத்துக்கும் ரீப்பருக்கும் நடுவில், ஓடும் ஓடும் கவிகிற இடுக்கில், மச்சுப் பலகையின் மேல்புறத்தில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். பிறகு அசையாது. தின்பதில்லை, இனம் பெருக்குவதில்லை. கிட்டத்தட்ட ஒன்பது மாத உறக்கம். உறக்கம் என்றால் முழு உறக்கமும் அல்ல. தட்டினால், வெளிச்சம் பட்டால், புகை போட்டால் பொலபொலவென்று உதிர்ந்து தரையெல்லாம் ஓடும். அப்போது விடுகிற சுரப்பில்தான் வினை. கார நெடி; தோலில் பட்டால் எரியும், பழுப்புக் கறை விழும், சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். பாயில் படுத்திருக்கிற வயசானவர்கள், தவழுகிற குழந்தைகள் பாடுதான் பெரும்பாடு. தூக்கத்தில் காதுக்குள் போய்விடுவதும் உண்டு. அப்படிப் போனால் குச்சி, ஹேர்பின் எதையும் விட்டுக் குடையாதீர்கள்; வண்டு இன்னும் உள்ளே போகும், சுரப்பையும் விடும். நேராக டாக்டரிடம் போங்கள்.

கிழக்கேகோட்டையில் ரப்பர் ஏது, இங்கே எதற்கு இந்தப் பயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோட்டைக்குள் அக்ரகாரத்து ஓட்டு வீடுகளுக்கு வண்டு கூட்டமாகப் பறந்து வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அது தோட்டத்தை ஒட்டிய வீடுகளின் தலைவிதி. ஆனால் இங்கே வேலை பார்க்கிறவர்களில், கடை வைத்திருக்கிறவர்களில், பஸ் பிடிக்க ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு வீடும் அம்மா அப்பாவும் அந்தத் தோட்டத்து ஊர்களில்? விஷுவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சாக்கு மூட்டை, விறகுக் கட்டு, பிரித்த பழைய ஓடு, மரச்சாமான் கொண்டுவந்தால் அதையெல்லாம் வெளியே தட்டி உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும். பழைய ஓட்டை வாங்கி அடுக்குகிறவர்களும் அப்படியே.

அதைவிடப் பெரிய ஆபத்து இங்கிருந்து அங்கே போகிறது. சாலைக் கம்போளத்தில் ஒரு கடை வாசலில் நின்றபோது காதில் விழுந்த பேச்சு இது. வந்தவர் குலசேகரம் பக்கத்து அம்மாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, வண்டு மருந்து இருக்கா?"

"எந்த வண்டுக்கு?"

"வேற எது, ரப்பர் வண்டுக்குத்தான். அந்த வெள்ளைப் பொடி."

"எங்க தூவப் போறீங்க?"

"மச்சுத் தட்டு மேலதான்."

"தட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

அம்மாள் கொஞ்சம் யோசித்து, "அடுக்களை" என்றார்.

"அப்ப அது வேண்டாங்க்கா. கொசுவலைத் துணி நாலு மீட்டர் கிழிச்சுத் தாறேன், ஜன்னலுக்கு அடிங்க. மருந்த விட வெல கொறவு."

வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் இப்படிக் கேட்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. வயலுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியை வீட்டு மச்சில் தூவினால் என்ன ஆகும்? பொடி பலகை இடுக்கு வழியாகக் கீழே உதிரும். ஃபேன் காற்றில் பறக்கும். செத்த லட்சம் வண்டும் பொடியோடு சேர்ந்து சோற்றுப் பானையில் விழும். மண்ணெண்ணெய் பீய்ச்சுவது அதைவிட மோசம்; காய்ந்த கைமரம், ஓலைக் கொட்டகை, பக்கத்திலேயே விறகடுப்பு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிக்க வருஷக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து, 2000-க்குப் பிறகு நிறுத்தி, 2011-இல் உச்ச நீதிமன்றமே தடை போட்டும், இன்றைக்கும் அந்தக் கிராமங்கள் அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. பூச்சியை விட மருந்துக்குப் பயப்படச் சொல்லிக் கேரளத்துக்கு வேறு ஆள் வர வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? வானிலை மையம் இடி மழைக்கு மஞ்சள் எச்சரிக்கை விட்ட நாளன்று நாலு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மழை பெய்து நின்றால், அந்தி முடிந்து நன்றாக இருட்டி ஓய்கிற வரை வராந்தா விளக்கும் தெரு பார்த்த அறை விளக்கும் வேண்டாம். நிலவிளக்கை உள்ளறையில் வைத்து ஏற்றினால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். சமையலையும் சாப்பாட்டையும் அதற்கு முன்னே முடித்து எல்லாவற்றையும் மூடி வையுங்கள். முற்றத்தின் அந்தக் கோடியில், வீட்டிலிருந்து நன்றாக விலகி, ஒரு விளக்கைத் தொங்கவிட்டு அடியில் அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். வருகிற கூட்டத்தில் ஒரு பகுதியாவது அங்கே போகும். உள்ளே வந்ததை மிதிக்காதீர்கள், கையால் நசுக்காதீர்கள். முறத்தில் கூட்டி அள்ளி அதே சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். மேலே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.

இது ஒரே நாளோடு முடியும் என்று உத்தரவாதம் இல்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று மழைக்கு நீளலாம். முதல் மழைக்குத் தப்பியவர்கள் இரண்டாம் மழையில் அசட்டையாக இருந்து மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஜனங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆசிட் வண்டு, ஆசிட் பூச்சி என்று சொல்வார்கள். பெடரஸ் இனம். எறும்பு மாதிரி மெலிந்து நீண்டிருக்கும், உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை. மழைக்காலத்தில் இதுவும் டியூப்லைட்டுக்கு வரும், ஆனால் ஒன்றிரண்டாக. ரப்பரோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. வயல், சதுப்பு, புல்வெளிதான் இதன் இடம். 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் நூறு மாணவர்களுக்குத் தோல் வெந்துபோனதாகச் செய்தி வந்ததே, அது இதனால்தான். உடம்புக்குள் இருக்கிற பெடரின் என்ற நஞ்சு, நசுக்கினால்தான் வெளியே வரும். கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று பளாரென்று அடிப்பதுதான் ஆபத்து. ஊதித் தள்ளுங்கள். முப்ளி எண்ணிக்கையால் வதைக்கும், இது ஒன்றே போதும்.

மழையையும் வெயிலையும் பார்த்துப் பறக்கிற வண்டு நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் அல்ல. மத்தியப் பிரதேசத்துச் சால் காடுகளில் சால் துளைப்பான் வண்டு மரத்துக்குள்ளேயே வளர்ந்து, பருவமழையின் முதல் மழைக்குக் காத்திருந்து வெளியே பறக்கும். 1997, 98-இல் மண்டலா, டிண்டோரிப் பக்கம் அது பெருகியபோது வனத்துறைக்குக் கைகொடுத்தது பழைய உத்தி ஒன்று. மழை தொடங்கியதும் சில மரங்களை வெட்டிப் பட்டையை நசுக்கிப் போட்டால், கசிகிற சாற்றின் வாசத்துக்கு வண்டு தூரத்திலிருந்து பறந்து வந்து, சாற்றைக் குடித்துக் கிறங்கிக் கிடக்கும். ஆட்கள் போய்ப் பொறுக்கிவிடுவார்கள். எப்போது பறக்கும், எதைத் தேடிப் பறக்கும் என்பது தெரிந்ததால் வந்த உத்தி அது. நம் முற்றத்துக் கோடி விளக்கும் அந்த ஜாதிதான்.

குளிர்நாடுகளில் மழைக்குப் பதில் வெப்பம் மணி அடிக்கிறது. ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் மரப்பட்டை வண்டு சுமார் 16 டிகிரிக்குக் கீழே பறக்காது. வெயில் கூடி, வறட்சி நீண்ட 2018-க்குப் பிறகு ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் மலைமலையாக மரம் காய்ந்தது. கனடாவில் மலைப் பைன் வண்டு 2006-இல் காட்டுக்கு மேலே வீசிய காற்றில் ஏறி, ராக்கி மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவில் போய் இறங்கியது. அரிசி அளவுள்ள பூச்சி. மலைத்தொடர் அதற்கு வேலியாக இருக்கும் என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். தீயைத் தேடிப் பறக்கிற வண்டுகூட உண்டு: மெலனோபிலா. எரிகிற காட்டின் வெப்பத்தை உணர அதன் உடம்பில் தனி உறுப்பே இருக்கிறது, கருகிய மரத்தில் முட்டையிடுகிறது. நெருப்பைக் கண்டால் எல்லாப் பூச்சியும் ஓடும் என்று நினைத்துச் சருகுக்குத் தீ வைக்கக் கிளம்புகிறவர்கள் இதையும் மனதில் வைக்கலாம். ரப்பர் தோட்டத்தில் மார்ச் மாதத்தில் தீ வைப்பது வண்டுக்கு முன்னால் மரத்தின் பட்டையைத்தான் சுடும்.

தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முப்ளியோடு மல்லுக்கட்ட ஏற்ற இடம் வீட்டு மச்சு இல்லை, பிப்ரவரி மாதத்து மரத்தடி. தளிரில் சாம்பல் நோய் வராமல் பார்த்துக்கொண்டால், அதாவது வெளிறிய தளிரைக் கண்டதும் கந்தகப் பொடி தூவினால், பிஞ்சு இலை கீழே விழுவது குறையும், வண்டுக்குப் பிடித்த தீனியும் குறையும். இது பெரும்பாலும் மரத்துக்காகவே செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் ரப்பர் விலை விழுந்த காலத்தில் நிறையப் பேர் பால் வெட்டையே நிறுத்திவிட்டுத் தோட்டத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள். கவனிக்காத தோட்டத்து வண்டு எல்லை பார்த்துப் பறக்காது, பக்கத்து வீட்டுக்காரர் மச்சுக்கும் போகும். வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்காவது மார்ச் கடைசிக்குள் சருகைக் கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மண் மூடுங்கள். 1902-இல் தட்டேக்காட்டில் ரப்பர் நட்டபோது இதையெல்லாம் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்று வீட்டு வாசல் வரை ரப்பர் நட்டிருக்கிறோம்.

ஏற்கெனவே மச்சில் குடியேறிவிட்டதா? மழைக்காலத்தில் அதைக் கலைக்காதீர்கள். மச்சுக்கு அடியில், முக்கியமாக அடுக்களையிலும் கட்டில் மேலும், அடர்த்தியான துணியோ தார்ப்பாயோ இழுத்துக் கட்டி, விழுகிறதை வாரத்துக்கு ஒருமுறை இறக்கிக் கொட்டுங்கள். ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது, மச்சில் விளக்குப் போட்டுச் சாமான் தேடுவது எல்லாம் டிசம்பருக்குத் தள்ளுங்கள். டிசம்பரில் ரப்பர் மறுபடி இலை உதிர்க்கத் தொடங்கும்போது கூட்டம் தானாகவே தோட்டத்துக்கு இறங்கிவிடும். அது போய் முடிந்த பிறகு, ஜனவரியில், ஓட்டு இடுக்கையும் பலகை இடுக்கையும் சாந்து வைத்து அடையுங்கள், காற்று வருகிற துவாரங்களுக்குக் கம்பிவலை அடியுங்கள். போவதற்கு முன்னே அவசரப்பட்டு அடைத்தால் அத்தனையும் உள்ளேயே செத்து நாறும்.